முகம் வைத்த கட்டி

2025-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் எனக்கு ஒரு கட்டி வந்தது. மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவே, மீசைக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. முதல் நாள் கடுகளவு. மூன்றாம் நாள் துவரம்பருப்பளவு. ஐந்தாம் நாள் அதற்கு ஒப்புச் சொல்லப் பருப்பு வகையில் எதுவும் மிச்சமில்லை.

கட்டியைப் பற்றியெல்லாமா ஒருவன் கட்டுரை எழுதுவான் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். காதலைப் பற்றி எழுதலாம். மரணத்தைப் பற்றி எழுதலாம். கட்டியைப் பற்றி என்ன எழுதுவது? என் அனுபவத்தைச் சொல்லுகிறேன். காதல் வராத மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டி வராத மனிதரைப் பார்த்ததில்லை.

வியாதிகளுக்குள்ளும் அந்தஸ்து வித்தியாசம் உண்டு. மாரடைப்பு என்றால் ஆரஞ்சுப் பழத்தோடு நாலு பேர் வருவார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கட்டி என்றால் சிரிப்பார்கள். அதுவும் உட்காருகிற இடத்தில் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஊரே ஹாஸ்யக் கதாசிரியராக மாறிவிடும். ஆனால் சிரித்த கையோடு ஒவ்வொருவரும் ஒரு வைத்தியமும் சொல்லாமல் போகமாட்டார்கள். என்னைப் பார்த்தவர்களில் ஒருவர் சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பற்றுப் போடச் சொன்னார். டீக்கடைக்காரர் வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பாட்டி நாமக்கட்டியை இழைத்துத் தடவச் சொன்னாள். என் மைத்துனர் மாம்பழம் எத்தனை தின்றேன் என்று விசாரித்தார். பிறகு மருந்துக் கடைக்குப் போய், சீட்டு எதுவும் இல்லாமல், இரண்டு மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். "ரெண்டே ரெண்டு போடுங்க மாமா, கட்டி இருந்த இடம் தெரியாது" என்றார். அவர் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்ப்பவர்.

எழுத்தாளன் அல்லவா, வலிக்கிறபோதும் சொற்களின்மேல் புத்தி போகிறது. கட்டிக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் வார்த்தைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கட்டி அரும்புகிறது. பழுக்கிறது. முகம் வைக்கிறது. கண் திறக்கிறது. உடைகிறது. உள்ளேயிருந்து ஆணி வெளிவருகிறது. பிறகு ஆறுகிறது. பூவுக்கும் பழத்துக்கும் சொல்ல வேண்டியதையெல்லாம் சீழுக்குச் சொல்லியிருக்கிறோம். காலில் கட்டி வந்தால் தொடையிடுக்கில் ஓர் உருண்டை தோன்றுமே, அதற்கு 'நெறி கட்டுதல்' என்று தனியாக ஒரு சொல். பல முகங்களோடு பிடரியிலோ முதுகிலோ வருவது ராஜபிளவை. ராஜ மரியாதையான பெயர். அந்தப் பெயரை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. காரணத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஐந்தாம் நாள் மாலை கட்டி முகம் வைத்தது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. கண்ணாடி முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் பின்னால் வந்து நின்றாள்.

"பழுத்திருச்சுப்பா. ஒரு அமுக்கு அமுக்கினா போயிடும். இருங்க" என்று இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தக் கையை நான் ஓங்கி அடித்துவிட்டேன்.

அவளைக் குழந்தையாக இருந்தபோதுகூட நான் அடித்ததில்லை. அவள் வலியால் அழவில்லை, திகைப்பால் அழுதாள். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் மட்டும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மறுபடியும் கீரையில் குனிந்துகொண்டாள்.

இனி பழைய கதைக்கு வருகிறேன்.

என் தகப்பனார் மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1991-ஆம் வருஷம் வைகாசியில் அவருக்கு 45 வயது, எனக்கு 12. சட்டைக் காலர் உராயும் இடத்தில், பிடரியில், அவருக்கு ஒரு கட்டி புறப்பட்டது. தவிட்டுத் தூசியும் வேர்வையும் சேர்ந்து மில்லில் எல்லோருக்கும் கோடையில் கட்டி வருவதுதான். அம்மா அரிசி மாவில் மஞ்சள் போட்டுக் கிண்டி, பொறுக்கும் சூட்டில் வைத்துக் கட்டினாள். பத்து நாளில் அது உள்ளங்கை அகலத்துக்குப் பரந்துவிட்டது. ஒரு முகம் இல்லை. ஐந்தாறு முகங்கள், சல்லடைக் கண் மாதிரி. அப்பாவால் தலையைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். எங்களுக்கு அது சிரிப்பாகக்கூட இருந்தது. தினமும் மில்லுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

ஒரு சனிக்கிழமை அந்தியில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வா. இதைக் கொஞ்சம் அமுக்கி விடு. பாரம் தாங்கல" என்றார்.

நான் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அவர் பின்னால் மண்டி போட்டு, இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து அமுக்கினேன். அவர் திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இன்னும்" என்றார். இன்னும் அமுக்கினேன். சீழும் ரத்தமுமாக வந்தது. ஒரு பழைய வேட்டித் துண்டு நனைந்துவிட்டது. கடைசியில் அவர், "அப்பாடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அடைந்த பெருமையைச் சொல்லி முடியாது. அன்று ராத்திரி அவர் பல நாளுக்குப் பிறகு ரசம் விட்டுக்கொண்டு இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் அவருக்குக் குளிர் கண்டது. வைகாசி வெயிலில் மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. ஊர் டாக்டர் ஓர் ஊசி போட்டுவிட்டு, தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பார்த்தபோதுதான் அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதே தெரிந்தது. அதுவும் தலைக்கு மேல் போயிருந்தது. கட்டியை அறுத்துச் சுத்தம் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், இன்சுலின் போட்டார்கள். அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

"ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது" என்று வராந்தாவில் ஒருவர் மற்றொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. விஷத்தை ஏற்றியவன் யார் என்பது அந்த வராந்தாவில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்துநாலு வருஷம் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பதினொரு நாவல் எழுதியிருக்கிறேன். அவற்றில் மனிதர்கள் பாம்பு கடித்துச் சாகிறார்கள், ஆற்றோடு போகிறார்கள், தூக்குப் போட்டுக்கொள்கிறார்கள். கட்டி வந்து யாரும் சாவதில்லை. உங்கள் கதைகளில் தகப்பன்மார்கள் எப்போதும் முதல் அத்தியாயத்துக்கு முன்பே இறந்துபோய்விடுகிறார்களே, ஏன் என்று ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். கதையின் அமைப்பு அப்படி என்று பதில் எழுதினேன்.

ஆனால் படித்தேன். கல்லூரியில் இரண்டு வருஷத்தைத் தாண்டாதவன் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டியைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்தேன். தன்மேலேயே வழக்குத் தொடுத்துக்கொண்ட ஒருவன் சாட்சியம் சேகரிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி என்பது ஒரு மயிர்க்காலுக்குள் நடக்கிற யுத்தம். 1880-இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்து அறுவை வைத்தியர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்பவர் சீழை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் குலை மாதிரி கொத்துக் கொத்தாகக் கிருமிகள் தெரிந்தன. கிரேக்கத்தில் திராட்சைக் குலைக்கு என்ன பெயரோ அதையே சேர்த்து அதற்கு ஸ்டாபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். 1884-இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர் அதை வளர்த்துப் பார்த்து, பொன்னிறமாக இருக்கிறதென்று ஆரியஸ் என்ற அடைமொழியையும் கொடுத்தார். பொன் திராட்சை! ராஜபிளவைக்குப் பொருத்தமான பரிவாரம்தான்.

இந்தக் கிருமி எங்கிருந்தோ படையெடுத்து வருவதில்லை என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. ஏறத்தாழ மூன்று பேரில் ஒருவருடைய மூக்குக்குள்ளேயே அது குடியிருக்கிறது. ஒரு தொந்தரவும் கொடுக்காமல், வாடகை தராத உறவினர் மாதிரி இருந்துகொண்டிருக்கிறது. தோலில் ஓர் உராய்வு, சவரக் கத்தியின் கீறல், வேர்வையில் ஊறிய காலர், இப்படி ஏதாவது வழி கிடைத்தால் மயிர்க்காலுக்குள் இறங்கிவிடுகிறது. உடனே ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. இரண்டு தரப்பிலும் செத்து விழுந்தவர்களின் பிணக் குவியல்தான் சீழ். அதைச் சுற்றி உடம்பு தானே ஒரு மதில் கட்டிக்கொள்கிறது. கட்டி கல் மாதிரி இறுகுவது அதனால்தான். மதிலுக்குள் எதிரியை அடைத்துவைத்து, மேலே தோல் மெலிகிற இடத்தில் வழி விட்டு வெளியே தள்ளிவிடுகிறது. அநேகமாக எல்லாக் கட்டிகளின் கதையும் இரண்டு மூன்று வாரத்தில் இப்படித்தான் சுபமாக முடிகிறது. வைத்தியனும் வேண்டாம், மைத்துனனும் வேண்டாம். ஆனால் பழுக்காத கட்டியை வெளியிலிருந்து அமுக்கினால் மதில் இடிந்து, சீழ் வெளியே வருவது போலவே உள்ளேயும் போகும்.

இந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் நடந்தேன்.

ரஷ்யாவில் ஸ்க்ரியாபின் என்று ஒரு சங்கீத மேதை இருந்தார். 1915 ஏப்ரலில் மாஸ்கோவில் இறந்தார். மேலுதட்டில் வந்த ஒரு கட்டி, அதிலிருந்து ரத்தம் நச்சுப்பட்டது, அவ்வளவுதான். 43 வயது. ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர். அவருக்கும் 43. முகத்தில் தொடங்கிய சீழ் தலையெல்லாம் பரவி, ஒரு கண்ணையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. 1941 பிப்ரவரியில் அவருக்குத்தான் பெனிசிலினை முதல் முதலாக மருந்தாகச் செலுத்திப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. ஆனால் உலகத்தில் அன்று இருந்த பெனிசிலினே அவ்வளவுதான். அவருடைய மூத்திரத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் செலுத்தினார்கள். அதுவும் தீர்ந்தது. மார்ச் 15-ஆம் தேதி இறந்துபோனார். பத்து நாள் பசியும் தெளிவுமாக இருந்த அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 'அப்பாடா' என்று சொல்லியிருப்பார்.

கார்ல் மார்க்ஸுக்கும் கட்டி உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1867-இல் வெளிவந்த 'மூலதன'த்தை அவர் எழுதிய காலமெல்லாம் உட்கார முடியாமல் தவித்திருக்கிறார். அவருக்கு வந்தது சாதாரணக் கட்டி அல்ல, அக்குளிலும் தொடையிடுக்கிலும் திரும்பத் திரும்பப் புறப்பட்டு வடுவாகிக் குழி விழும் வேறொரு நாள்பட்ட தோல் நோய் என்று சாம் ஷூஸ்டர் என்ற தோல் நிபுணர் 2007-இல் எழுதினார். அப்படிப்பட்ட இடங்களில் ஓயாமல் கட்டி வந்துகொண்டிருப்பவர்கள் 'உடம்பு சூடு' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லுகிறேன். மார்க்ஸ் எனக்குச் சாட்சியத்தில் உதவவில்லை; அவர் கட்டியால் சாகவில்லை.

மகளை அடித்த மறுநாள் காலை டாக்டரிடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிறிய இடம், என் வயதுக்காரர். கட்டியைத் தொடாமலே பார்த்தார். முதல் கேள்வி, "அமுக்கினீங்களா?" என்பது.

"இல்லை."

"நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். மூக்கின் மேல்முனையிலிருந்து வாயின் இரண்டு ஓரங்கள் வரையில் தம் முகத்திலேயே விரலால் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினார். அந்த இடத்து ரத்தக் குழாய்கள் மூளையின் அடியில் உள்ள குழாய்களோடு தொடர்பு உள்ளவை. அங்கே போய் ரத்தம் உறைந்தால் கண் வீங்கும், பார்வை போகும், உயிரும் போகலாம். மருந்துகள் வந்தபிறகு அது அபூர்வம், ஆனால் அந்த அபூர்வத்தை நாம் விரலால் வரவழைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றார்.

நான் மைத்துனரின் மாத்திரையைக் காட்டினேன். அதைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு மாத்திரை கிருமியைக் கொல்லாது சார். பாடம்தான் சொல்லிக்கொடுக்கும்" என்றார். பெனிசிலினுக்கு மசியாத கிருமிகளை அடக்க மெதிசிலின் என்ற மருந்தைக் கண்டுபிடித்த சில காலத்துக்குள்ளேயே, 1961-இல், அதற்கும் மசியாத கிருமியை இங்கிலாந்தில் பார்த்துவிட்டார்களாம். இன்றைக்குச் சாதாரணக் கட்டியிலும் அந்த வம்சம் இருக்கக்கூடும். அதனால் எனக்கு மருந்து கொடுத்தால் ஏழு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்று கட்டளை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தாங்கும் சூட்டில், நாளைக்கு மூன்று நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் வைக்கச் சொன்னார். என் துண்டை வேறு யாரும் தொடக்கூடாது, சவரக் கத்தியை எறிந்துவிட வேண்டும். கட்டி உடைந்தால் மூடி வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சலோ குளிரோ கண்டால், சிவப்பு பரவினால், கண்ணைச் சுற்றி வீங்கினால், ராத்திரியானாலும் வரவேண்டும். அம்மாவின் அரிசி மாவுக் கட்டை நினைத்துக்கொண்டேன். சூட்டைப் பொறுத்தவரையில் அவள் வைத்தியம் தப்பில்லை.

பிறகு அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சின்ன இயந்திரத்தில் வைத்தார். அது 268 என்று காட்டியது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையையும் செய்யச் சொன்னார். மறுநாள் அது 8.9 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை வியாதிதானாம். "கட்டியைப் பார்க்க வந்தீங்க. கட்டி உங்களை இங்கே கூட்டிக்கிட்டு வந்துச்சுன்னு வச்சுக்குங்க" என்றார். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. படை இருக்கும், ஆனால் சண்டை போடாது. 2021-இல் இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொன்னது. தனக்கு இருப்பது தெரியாமலே எத்தனையோ பேர் கோடையையும் மாம்பழத்தையும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில், மருந்துச் சீட்டு அவர் கையில் இருக்கும்போது, நான் அப்பாவின் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லி, "நான் அமுக்கினதால்தான் போனாரா?" என்று நேராகக் கேட்டேன்.

அவர் சமாதானம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரிடம் எனக்கு மரியாதை.

"நான் அங்கே இல்லை சார்" என்றார். "பத்து நாள் ஆன ராஜபிளவை, அஞ்சாறு வாய், கட்டுக்கு அடங்காத சர்க்கரை. நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே கிருமி ரத்தத்துல போயிருக்கலாம். அமுக்கினதால போயிருக்கவும் கூடும். எதுன்னு இனிமே எந்தப் பரிசோதனையும் சொல்லாது." சற்றுப் பொறுத்து, "உங்கப்பா என்கிட்ட வந்திருந்தா, நான் அந்தக் கட்டியை அப்புறம்தான் பார்த்திருப்பேன். தாகம் எடுக்குதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்கன்னுதான் முதல்ல கேட்டிருப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா முற்றத்தில் இருந்தாள். அவளுக்கு இப்போது 72 வயது. "எனக்குச் சர்க்கரையாம்மா" என்றேன்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். முறத்தைத் தள்ளி வைத்தாள். "ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிற?" என்றாள்.

"மூணு தடவை இருக்கும்."

"எறும்பு வருதா?"

எனக்குப் புரியவில்லை. டைல்ஸ் பதித்த குளியலறையில் எறும்புக்கு என்ன வேலை?

"உங்கப்பா கொல்லையில வாழைக்கிட்டதான் ஒண்ணுக்குப் போவாரு. தை மாசத்துலேருந்தே அந்த எடத்துல எறும்பு மொய்ச்சுது. நான் பாத்தேன். தெனம் சாம்பல அள்ளிப் போட்டேன். ராத்திரி சொம்புத் தண்ணியையும் குடிச்சிட்டு இன்னொரு சொம்பு கேப்பாரு. வேலைக் கஷ்டம்னு நெனச்சேன். எறும்பப் பத்தி யாருகிட்டப் போய்ச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில சக்கரைன்னு சொன்னப்பதான் எனக்கு அந்த எறும்பு ஞாபகம் வந்துச்சு."

முப்பத்துநாலு வருஷமாக அவள் ஒரு வழக்கை நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். என் வழக்கு மன்றத்துக்கு அடுத்த அறையில்.

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். "அம்மா, அந்தச் சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தேன். தொண்டை அடைத்தது.

"தெரியும்டா" என்றாள். "நெலைப்படிக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ அமுக்கி விட்ட. அவரு 'அப்பாடா'ன்னாரு. அதுக்கு முன்னாடி பத்து நாளும் சரி, பின்னாடி ஆஸ்பத்திரியில இருந்த நாளும் சரி, அந்த மனுஷன் வாயிலேருந்து அந்த வார்த்தை வரல. அந்த ஒரு ராத்திரிதான் தூங்கினாரு."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை மறுபடியும் இழுத்து வைத்துக்கொண்டாள்.

என் கட்டி எட்டாம் நாள் விடியற்காலையில் யாரும் தொடாமல் தானே உடைந்தது. தலையணை உறையில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறை. ஆணி வெளியே வந்தது. அதை ஒரு பஞ்சில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அரிசி நொய் அளவுகூட இல்லை. மீசைக்குள் ஒரு சிறு தழும்பு நின்றுவிட்டது, வெளியில் தெரியாது. மாத்திரையை ஏழு நாளும் சாப்பிட்டு முடித்தேன். சர்க்கரைக்கான மாத்திரை முடிகிற விஷயம் இல்லை, அது நடந்துகொண்டிருக்கிறது. மைத்துனர் தம் மருந்தால்தான் குணமானது என்று உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு மாத்திரையும் டாக்டர் வீட்டுத் தட்டிலேயே தங்கிவிட்டன என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "அன்னிக்கு உங்களுக்குப் பன்னிரண்டு வயசுதானேப்பா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் ரத்தம் பார்க்கும் இயந்திரம் ஒன்றைத் தானே வாங்கி வந்தாள். என்னைச் சோதித்ததோடு நிற்காமல் தாயாரை, பாட்டியை, தன்னை, எல்லோரையும் குத்திப் பார்த்தாள். மற்ற மூவருக்கும் ஒன்றும் இல்லை.

அந்த இயந்திரம் இப்போது அம்மாவின் வசத்தில் இருக்கிறது. காலையில் நான் எழுந்தவுடன் அதை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணை அவளே படிக்க வேண்டும். நாங்கள் படித்துச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நேற்று 142.

"பரவால்ல" என்றாள். அன்று அமாவாசை. அப்பாவுக்குப் படைக்கப் பாயசம் வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்து வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாதியை உடைத்துத் திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடினாள்.